சஆதத் பந்தர்: கோவளத்து விடுதியின் அடியில் ஒரு கோட்டை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் கழியைக் கடந்ததும் வரும் கோவளம் நம் சமுதாயத்தாருக்குப் புதிய ஊரன்று. ஸஹாபிப் பெருமகனார் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் தர்கா அவ்வூர்க் கடற்கரையிலேதான் இருக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு ஜியாரத்துக்கு வருவோர் பாத்திஹா ஓதி முடித்து, சிறிது நேரம் அலையோரத்தில் நின்றுவிட்டு ஊர் திரும்புவது வழக்கம்.

அதே கடற்கரையில் தாஜ் குழுமத்தார் 1974ஆம் ஆண்டில் திறந்த ‘ஃபிஷர்மென்ஸ் கோவ்’ என்னும் உல்லாச விடுதி ஒன்றும் உண்டு. அங்கே தங்க வருவோர் ஒரு திறத்தார். தர்காவுக்கு வருவோர் மற்றொரு திறத்தார். இவர்கள் வழியில் அவர்கள் குறுக்கிடுவதில்லை. அவர்கள் வழியில் இவர்கள் செல்வதில்லை. தமிழகத்தில் 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்ததும் அதே 1974இல்தான் என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம். விடுதியின் மதுக்கூடத்தைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அந்த விடுதி எதன் மேல் நிற்கிறது என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய டச்சுக் கோட்டையொன்றின் மதில்களின் மேல் எழுந்த விடுதி என்று சுற்றுலா வழிகாட்டிகளும் விளம்பரங்களும் அதனை வருணிக்கின்றன. ‘மதில்களின் மேல்’ என்பது சரி. ‘டச்சு’ என்பதுதான் இடிக்கிறது. ஒரு சொல்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லால் கட்டியவன் பெயர் போய், கட்டாதவன் பெயர் நிலைத்துவிடுகிறது. நம் வீட்டு நிலைப்படியில் அயலார் பெயரைப் பொறித்து வைத்தால் பேரப்பிள்ளைகள் அதைத்தானே படிப்பார்கள்?

டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. வடக்கே பழவேற்காட்டில் இருந்தார்கள். தெற்கே, மாமல்லபுரத்தையும் தாண்டி, சதுரங்கப்பட்டினத்தில் இருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தை அவர்கள் ‘சட்ராஸ்’ என்றார்கள். அங்கே அவர்களுடைய செங்கற் கோட்டையும் பண்டகசாலைகளும் பூவேலைப்பாடு செறிந்த கல்லறைப் பலகைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் உள்ளன. கோவளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர். அங்கே முதலில் கொடி நாட்டிய ஐரோப்பியர் வேறொரு கூட்டத்தார்.

இன்றைய பெல்ஜியம் நாட்டுக் கடற்கரையில் ஆஸ்டெண்டு என்றொரு துறைமுகம் இருக்கிறது. அப்பகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அவ்வூர் வணிகர்கள் பேரரசரின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு கீழ்நாடுகளுக்குக் கப்பல் விட்டார்கள். ஆற்காட்டு நவாபின் அனுமதியோடு 1719 அளவில் கோவளத்தில் ஒரு வணிகக் குடியிருப்பை அமைத்தார்கள். 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுக்குப் பட்டயம் வழங்க, ஆஸ்டெண்டுக் கம்பெனி முறையாகத் தோன்றியது. வங்காளத்தில் பாங்கிபஜாரும் சோழமண்டலக் கரையில் கோவளமும் அக்கம்பெனியின் இரு தலங்கள்.

இந்தப் புதுப் போட்டியை ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பொறுக்கவில்லை. ஐரோப்பிய அரண்மனைகளில் இடைவிடாது நெருக்குதல் கொடுத்தார்கள். 1727இல் கம்பெனியின் பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. 1731இல் வியன்னா உடன்படிக்கையால் கம்பெனியே ஒழிந்தது. ஆக, டச்சுக்காரர்கள் எந்தக் கூட்டத்தாரைக் கடலிலிருந்து துரத்தப் பாடுபட்டார்களோ, அந்தக் கூட்டத்தாரின் ஊரை இன்று டச்சுக்காரர் ஊர் என்கிறோம்! ஆஸ்டெண்டுக்காரர்கள் பேசிய பிளெமிஷ் மொழி டச்சு மொழியின் உடன்பிறப்பு. பெயர்க் குழப்பம் அதனால் நேர்ந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. சதுரங்கப்பட்டினம் அருகில் இருப்பதும் அதற்குத் துணை செய்திருக்கும்.

நிற்க. விடுதிக்கு அடியில் கிடக்கும் கோட்டை ஆஸ்டெண்டுக்காரர்களுடையதும் அன்று. அதனைக் கட்டியவர் கர்நாடக நவாபு அன்வருத்தீன் கான். 1744இல் ஆற்காட்டு மஸ்னதில் அமர்ந்து, 1749 ஆகஸ்டில், ஹிஜ்ரி 1162இல், ஆம்பூர்ப் போர்க்களத்தில் மாண்டவர். அந்த ஐந்தாண்டுகளுக்குள் எழுந்தது கோவளத்துக் கோட்டை. அதன் பெயர் சஆதத் பந்தர். ‘சஆதத்’ என்பது அரபுச் சொல். நற்பேறு என்று பொருள். ‘பந்தர்’ என்பது பார்சி, துறைமுகம். நற்பேற்றுத் துறை என்று தமிழில் சொல்லலாம். 1710 முதல் 1732 வரை ஆண்ட முன்னைய நவாபு சஆதத்துல்லா கானின் பெயரையும் அது நினைவூட்டுகிறது.

உள்நாட்டில் படைகொண்டு ஆண்ட நவாபு, கடற்கரை மணலில் கோட்டை கட்டியது ஏன்? அன்றைய கரையோரத்தைத் தெற்கு நோக்கி நடந்து பார்த்தால் காரணம் விளங்கும். பழவேற்காடு டச்சுக்காரரிடம், சென்னப்பட்டினம் ஆங்கிலேயரிடம், சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரரிடம், புதுச்சேரி பிரெஞ்சியரிடம், தரங்கம்பாடி டேனிஷ்காரரிடம். நாடு நவாபுடையது, நாட்டின் வாசல்கள் மற்றவர்களுடையவை. துணியும் உப்பும் நெய்யும் ஏறி, குதிரையும் செம்பும் இறங்கும் துறையில் சுங்கம் வாங்குபவனுக்கே பொருள் சேரும். தமக்கென்று ஓரிரு துறைகளாவது வேண்டுமென்று ஆற்காட்டார் எண்ணியதில் வியப்பில்லை. கோவளமும், அதற்குத் தெற்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரையும் அவ்வகைத் துறைகள்.

1746இல் நடந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் லா போர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னப்பட்டினத்தைப் பிடித்தார். அதனை மீட்க நவாபு தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை அதைச் சிதறடித்தது. கரையோரத்தில் குதிரைப்படையின் பெருக்கம் மட்டும் உதவாது என்பதை ஆற்காடு அறிந்துகொண்ட நாள் அது.

கோட்டை எப்படி இருந்தது? ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் அதை நமக்குச் சொல்லியிருக்கிறார். 1750களில் சென்னைக் கவுன்சிலில் பணியாற்றியவர். அவருடைய போர் வரலாற்றின் முதற்பகுதி 1763இல் அச்சேறியது. அவர் தரும் விவரம் சுருக்கமானது, ஆனால் கட்டடக்கலை அறிந்தவனுக்குப் போதுமானது: கடலுக்கு மிக அருகில் அமைந்த கோட்டை, அகழி இல்லை, உறுதியான மதில், மதிலை அணைத்து வட்டக் கொத்தளங்கள். கட்டியவர்கள் முஸ்லிம்கள் என்பதையும் அவர் ஐயமின்றி எழுதுகிறார்.

இந்த வட்டக் கொத்தளம்தான் நம் சாட்சி. அந்நூற்றாண்டில் ஐரோப்பியர் தாம் கட்டிய கோட்டைகளுக்கு அம்பு முனைபோல் கோணம் வைத்த கொத்தளங்களை அமைத்தார்கள். வட்டக் கொத்தளத்தின் முகப்புக்கு நேர் கீழே பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுட்டாலும் குண்டு படாத மறைவிடம் ஒன்று மிஞ்சும். பகைவன் அங்கே வந்து ஒண்டிக்கொண்டால் மதிலைத் தோண்டலாம். கோணக் கொத்தளத்தில் அந்த மறைவிடம் இல்லை. நம் நாட்டுக் கொத்தர்களோ தலைமுறை தலைமுறையாக வட்டத்தையே கட்டினார்கள். வட்டச் சுவரில் மூலை இல்லை. குண்டு பட்டால் எளிதில் பெயராது, வழுக்கிப் போகும். ஏணி வைத்து ஏறுவோரையும் சிறு பீரங்கிகளையும் தடுக்க அது போதும். ஐரோப்பியர் கொண்டுவந்த பெரும் பீரங்கிகளுக்குத்தான் போதாது. அகழி இல்லாமைக்கும் அறியாமையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை மணலில் தோண்டிய பள்ளம் எத்தனை நாள் பள்ளமாக இருக்கும் என்பதை மீனவச் சிறுவனும் சொல்வான்.

செங்கல், கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்: இந்தக் கரையில் பெருங்கட்டடங்கள் எழுந்த முறை இதுதான். கல்லைக் குடைந்து கோயில் கண்ட மாமல்லபுரம் சில காத தூரத்தில் இருந்தும், அவசரமாகக் கோட்டை கட்டுகிறவனுக்குச் செங்கல்லே கைகொடுத்தது.

இனி, கோட்டை வீழ்ந்த கதை. 1750இல் அது நிகழ்ந்தது. அன்வருத்தீன் கான் இறந்துவிட்டார். அவர் மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளியில் ஒதுங்கியிருந்தார். நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. அந்நேரம் பார்த்துக் கோவளத்துக்கு நேரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி, ஆபத்து என்று அடையாளம் காட்டியது. கோட்டையிலிருந்து படகில் சென்று விசாரித்தவர்களிடம் கப்பற்காரர்கள் முறையிட்டார்கள்: பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் எங்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர், எஞ்சியோரையாவது கரையில் இறங்கித் தேற விடாவிட்டால் அவர்களும் மடிவார்கள். கோட்டைத் தலைவர் இசைந்தார். மெலிந்து வெளுத்த தோற்றமுடையவர்களாகப் பொறுக்கியெடுக்கப்பட்ட ஒரு சிறு கூட்டம் கரையேறியது. கோட்டைக்குள் அவர்களுக்கு இடம் தரப்பட்டது. உடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தார்கள். இரவில் எழுந்து, காவலரை மடக்கி, கோட்டையைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும் ஐரோப்பியர் பிரெஞ்சியரின் சாமர்த்தியத்தை வியப்பார்கள். நம்மவர் சிலர் கோட்டைத் தலைவரின் பேதைமையை எண்ணி வருந்துவார்கள். நாம் இரண்டோடும் உடன்படவில்லை. நோயாளி என்று வந்தவனுக்கு வாசலைத் திறப்பது பேதைமை அன்று. வழிப்போக்கனுக்கு ஸக்காத்திலேயே பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது. விருந்தினனைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன நபி நம்முடைய நபி (ஸல்). பிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்றொரு பாடம் உண்டு. பகை நாட்டானுக்கும் அடைக்கலம் தந்துவிட்டால் தந்தவன் அதை மீறலாகாது. அடைக்கலம் பெற்று உள்ளே வந்தவன் வஞ்சகம் செய்வதும் ஹராம். முஸ்லிம் ஒருவன் பகை நாட்டுக்குள் அமான் பெற்று நுழைந்தாலும் அவர்களுடைய உயிரையும் பொருளையும் அவன் தொடக்கூடாது என்றே இமாம்கள் எழுதினார்கள். இந்த அளவுகோலால் அளந்தால் அன்றிரவு தவறியவர் யார் என்பது தெளிவு. ஆயினும் கோட்டைத் தலைவர் வந்தவர்களை மதிலுக்கு வெளியே ஒரு கொட்டகையில் தங்கவைத்திருக்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடைக்கலம் வேறு, ஆயுதசாலையின் அருகே பாய் விரித்துக் கொடுப்பது வேறு.

பிரெஞ்சியர் கையில் கோட்டை இரண்டாண்டுகள் இருந்தது. முப்பது பீரங்கிகளை மதிலில் ஏற்றினார்கள்; 50 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் காவலிருந்தார்கள். செங்கல்பட்டுக் கோட்டையும் அவர்கள் பக்கமே இருந்தது. இவ்விரண்டும் சென்னைக்குத் தெற்கே கிடந்த நாட்டை அச்சுறுத்தவே, முஹம்மது அலியின் சார்பில் அவற்றைப் பிடிக்க 1752 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் புறப்பட்டார். ஆற்காட்டு முற்றுகையால் அதற்கு முந்தைய ஆண்டே பெயர் பெற்றிருந்த அவருக்கு வயது இருபத்தேழு நிரம்பவில்லை. உடன் வந்தவர்கள் கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய 200 ஆங்கிலேயர். புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள்.

அந்த ஆங்கில வீரர்களின் தீரத்தை அவர்கள் நாட்டு வரலாற்றாசிரியரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒன்று பாறையில் பட்டுச் சிதறியதில் பதினான்கு பேர் இறந்தும் காயமுற்றும் வீழ, மற்றவர்கள் நெடுநேரம் தலைகாட்டவில்லை. முன்னணிக் காவலன் ஒருவனைப் பல மணி நேரம் கழித்து ஒரு பாழுங்கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்களாம்! கிளைவ் தாமே குண்டுகளின் எதிரில் நடந்து காட்டித்தான் அவர்களை நிலைநிறுத்தினார். கோட்டை சில நாட்களில் பணிந்தது. உள்ளே கிடந்த ஐம்பது பீரங்கிகளில் சில, 1746இல் லா போர்தொனே சென்னையில் பிடித்துச் சென்ற ஆங்கிலக் கம்பெனியின் சொந்தப் பீரங்கிகள். மறுநாள், கோவளம் வீழ்ந்ததை அறியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையும் மறைவில் காத்திருந்த கிளைவிடம் சிக்கியது.

அதன்பின் செங்கல்பட்டும் பணிந்தது. ஏரியும் சதுப்பு வயலும் காவல் செய்த அக்கோட்டையில் ஆங்கிலேயர் காவற்படை வைத்தார்கள். கோவளத்துக் கோட்டை தங்களுக்குத் தேவையில்லை என்று கண்டார்கள். தேவையில்லாத கோட்டை பகைவனுக்குத் தேவைப்பட்டுவிடுமே! மதிலின் அடியில் குடைந்து, வெடிமருந்தைத் திணித்து, தகர்த்துவிட்டார்கள். ஆக, சஆதத் பந்தர் கோட்டையாக நின்ற காலம் பத்தாண்டுகள்கூட இல்லை. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக அது இடிபாடாகவே இருந்து வருகிறது. சுண்ணாம்பு இறுகிய செங்கற் சுவர் வெடிவைத்தாலும் தூளாவதில்லை. பெருங்கட்டிகளாகப் பிளந்து சாய்கிறது. மேற்சுவர் போனாலும் அடித்தளம் போகாது. அப்படி எஞ்சிய மேட்டையே 1974இல் விடுதி கட்டியவர்கள் தம் வளாகத்துக்குள் கொண்டார்கள்.

வெளியூரான் தங்குவதற்கு இடம் கட்டுவது இந்நாட்டில் பழைய அறம். அரபியர் ‘புந்துக்’ என்றும் ‘கான்’ என்றும், பார்சியர் ‘சராய்’ என்றும், தமிழர் ‘சத்திரம்’ என்றும் அழைத்தார்கள். சென்னை சென்ட்ரல் இரயிலடிக்கு அருகே மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் தம் தந்தையார் பெயரால் எழுப்பிய சித்தீக் சராயில் நம் வாசகர்களில் பலர் தங்கியிருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கடற்காற்றைத் தரும் விடுதி அந்த வரிசையைச் சேர்ந்ததன்று. சேர்க்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த மண்ணில் முதன்முதலாக வெளியூரானுக்குப் பாய் விரித்தவர், கூலி கேட்கத் தெரிந்த விடுதிக்காரர் அல்லர். நோயாளியென்று நம்பிய ஆற்காட்டுக் கோட்டைத் தலைவர்.

விடுதியாரிடம் நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அழிந்ததை அழித்தவர்கள் அவர்கள் அல்லர். வெடி வைத்தவர்கள் 1752இலேயே போய்விட்டார்கள். ‘டச்சுக் கோட்டை’ என்று எழுதும் இடங்களில் ‘நவாபு அன்வருத்தீன் கானின் சஆதத் பந்தர் கோட்டை’ என்று எழுதினால் தங்க வருவோர் எண்ணிக்கை குறைந்துவிடாது. கோவளத்தைப் பற்றி எழுதும் நம்மவர்களும், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் அப்பெயரை ஒருமுறையேனும் உச்சரித்தால் நன்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. மாவட்ட வரலாறு எழுதப் புகுவோருக்கு இது கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் செய்தி.

சஆதத் பந்தர் நின்ற கோலத்தைக் கண்ணால் காண விரும்புவோர், ஜியாரத்துக்கு வந்த அன்றே தெற்கே செல்லலாம். மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினத்தில் முதலில் இறங்க வேண்டும். உண்மையான டச்சுக் கோட்டை எப்படியிருக்கும் என்பது அங்கே விளங்கும். கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்தைத் தடவிப் பார்க்கலாம். பிறகு கடப்பாக்கம் வரை சென்று ஆலம்பரையில் நிற்க வேண்டும். அதுவும் ஆற்காட்டார் காலத்துத் துறைக்கோட்டை. 1750இல் முஸப்பர் ஜங்கால் பிரெஞ்சியருக்கு வழங்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரால் பிடித்துத் தகர்க்கப்பட்டது. அங்கே மேலே விடுதி எழவில்லை. கழியோரத்து மணலில் செங்கல்லும் சுண்ணாம்புமாக மதில் திறந்து கிடக்கிறது. பிளந்த சுவரின் உட்புறத்தில் கொத்தன் அடுக்கிய வரிசைகளை எண்ணலாம். சாய்ந்தும் உருக்குலையாத வட்டக் கொத்தளங்களைச் சுற்றி வரலாம். மாலை நாலு மணிக்கு மேல் போவது நல்லது. நண்பகல் மணல் காலைச் சுடும்.